தென்னாபிரிக்காவைச் சொல்பவர்கள் டுல்லா ஓமரையும் சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

காணாமல் ஆக்கப்பட்டோர் விடயத்தில் ‘தென்னாபிரிக்கா மாதிரி ஓர் உண்மை ஆணைக்குழு’ என்ற பேச்சு மறுபடி அடிபடுகிறது. எழுதுபவர்கள் மண்டேலாவையும் அந்த ஆணைக்குழுவின் தலைவர் பேராயர் டுட்டுவையும் சொல்கிறார்கள். நிறவெறி ஆட்சிக்காலக் கொடுமைகளை விசாரித்த அந்த ஆணைக்குழுவுக்கான சட்டத்தைக் கொண்டுவந்த நீதி அமைச்சர் டுல்லா ஓமரை ஒருவரும் நினைப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியிடம் எழுதுவினைஞராக இருந்து, பிள்ளையைத் தேடி வந்த தாய்மாருக்கு ஆட்கொணர்வு மனுவும் சத்தியக்கடதாசியும் தட்டச்சு செய்தவன் நான். அதனால் அந்த மனிதரில் எனக்கு ஒரு தனிப் பிடிப்பு.

1934 இல் கேப் டவுனில் பிறந்தவர். பெற்றோர் குஜராத்திலிருந்து போனவர்கள். ரொபன் தீவுச் சிறையில் இருந்த அரசியல் கைதிகளுக்காக வாதாடினார், தானும் தடுப்புக்காவலில் இருந்தார். இராணுவத்தின் இரகசியப் பிரிவு ஒன்று அவரைச் சுட ஆள் வைத்தது. அவருடைய இருதய நோய்க் குளிசைகளை மாற்றி நஞ்சுக் குளிசை வைக்கவும் திட்டம் போட்டது. இதெல்லாம் பிறகு விசாரணைகளில் வெளிவந்தவை. அப்படிப்பட்டவர் 1994 இல் நீதி அமைச்சரானபோது, பழைய ஆட்சியின் நீதிபதிகள் அதே கதிரைகளில்தான் இருந்தார்கள். அவர்களோடுதான் வேலை செய்தார்.

அவருடைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் மன்னிப்பு உண்டு, ஆனால் சும்மா கிடைக்காது. செய்தவர் தன் பெயரிலேயே விண்ணப்பித்து, முழு உண்மையையும் சொல்லி, அரசியல் நோக்கத்தோடு செய்ததென்று காட்ட வேண்டும். ஆணைக்குழு அழைப்பாணை அனுப்பலாம், தேடுதலும் நடத்தலாம். முன்னாள் ஜனாதிபதி போத்தாவுக்கே அழைப்பாணை போனது. வர மறுத்ததற்காக 1998 இல் குற்றவாளியாகக் காணப்பட்டார் (மேன்முறையீட்டில் தப்பியது வேறு கதை). மன்னிப்புக் கேட்ட 7,000க்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ 850 பேருக்குத்தான் அது கிடைத்தது.

இந்த மன்னிப்பை எதிர்த்து 1977 இல் பொலிஸ் காவலில் இறந்த போராளி ஸ்டீவ் பீக்கோவின் குடும்பம் நீதிமன்றம் போய் 1996 இல் தோற்றது. அவர்களுடைய கோபம் நியாயம்தான் என்பேன். ஓமர் 1999 இல் போக்குவரத்து அமைச்சுக்குப் போனார், 2004 இல் காலமானார். மன்னிப்புக் கிடைக்காதவர்கள் மீது தொடுக்க வேண்டிய வழக்குகளில் மிகச் சிலவே நடந்தன. ஏன் இழுபட்டது என்று பார்க்க 2025 இல் ஜனாதிபதி ரமபோசா ஒரு விசாரணைக்குழுவையே நியமிக்க வேண்டியதாயிற்று.

இங்கிருந்து 2023 இல் இரண்டு அமைச்சர்கள் அங்கே போய்ப் பார்த்து வந்தார்கள். பிறகு உண்மை ஆணைக்குழுவுக்கென ஒரு சட்டமூலமும் வந்தது. நான் சத்தியக்கடதாசி தட்டிக் கொடுத்த தாய்மார் ஒவ்வொரு ஆணைக்குழுவுக்கும் அதே போட்டோவைக் கொண்டுபோய் அதே கதையைச் சொன்னார்கள். பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனவர் எழுந்து நின்று உண்மையைச் சொன்னதை அவர்களில் எவரும் கேட்டதில்லை.

சரி, இனி இதை எழுத வருபவரிடம் நீங்கள் இரண்டு விடயம் கேளுங்கள். அழைப்பாணையை மதிக்காத அதிகாரிக்கு எங்கள் சட்டமூலத்தில் என்ன தண்டனை? மன்னிப்புக் கிடைக்காதவர் மீது வழக்கை யார் தொடுப்பது, எவ்வளவு காலத்துக்குள்? அந்தப் பிரிவுகளை அப்படியே தமிழில் அச்சிடுங்கள், மிச்சத்தை நாங்கள் வாசித்துக்கொள்வோம்.

ஓய்வுபெற்ற சட்ட எழுதுவினைஞர்,
கொக்குவில்.