வசந்தாவுக்கு, ஓநாய் விவகாரம் குறித்து

அன்புள்ள வசந்தா,

உன் கட்டுரைப் படி வந்து சேர்ந்து எத்தனை நாளாயிற்று என்று கேட்காதே. மேசைமேல்தான் கிடந்தது, போகவர என்னை முறைத்துக்கொண்டு. முட்டிவலி, மகளின் வீடு மாற்றம் என்று காரணம் சொன்னால் நீ நம்பப்போவதில்லை. தலைப்பைப் படித்ததுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது. தணிந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். தணிகிற வழியாக இல்லை, அதனால் எழுதுகிறேன்.

சம்பிரதாயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். நான் நலம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நாக்குதான் இல்லை. லலிதா இந்த ஆண்டும் வேலையை விடப்போவதாக அறிவித்தாள், இந்த ஆண்டும் விடவில்லை. சபாபதி சாரைப் போய்ப் பார்த்தேன். காது மந்தமாகிவிட்டது, குரல் மட்டும் அதே இடி. "அந்தக் கூரைக்காரி எப்படி இருக்கிறாள்?" என்று உன்னைத்தான் முதலில் விசாரித்தார். இத்தனை காலமாகியும் உனக்கு அந்தப் பெயர்தான், அனுபவி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "ஓநாய்: காட்டின் வினையூக்கி." ஓநாய் இருந்தால் காடே மாறிவிடுகிறது, ஆகவே அது வினையூக்கி என்பது உன் வாதம். சபாபதி சாரிடம் வேதியியல் படித்த ஒருத்திக்கு இப்படி எழுத எப்படியம்மா மனம் வந்தது?

வினையூக்கி செய்வது ஒரே வேலை. ஒரு வினை நடப்பதற்குக் கடக்க வேண்டிய கிளர்வு ஆற்றலைக் குறைக்கிறது. வினை எங்கே போய் நிற்கும் என்பதில் அதற்கு அதிகாரம் இல்லை. முன்வினையை எவ்வளவு விரைவாக்குகிறதோ, பின்வினையையும் அவ்வளவே விரைவாக்கும். சமநிலை இருந்த இடத்திலேயே இருக்கும், அங்கே சீக்கிரம் போய்ச் சேரலாம், அவ்வளவுதான். உன் ஓநாயைக் காட்டிலிருந்து அகற்றினால், காடு மெதுவாக அதே இடத்துக்கா போய்ச் சேர்கிறது? வேறு காடாக அல்லவா மாறுகிறது! நீயே இரண்டாம் பக்கத்தில் சூழலியலாளர் ராபர்ட் பெயினின் பாறைக்கரைச் சோதனையை எழுதியிருக்கிறாய். 1960களில் அவர், சிப்பிகளைத் தின்னும் நட்சத்திரமீன்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கடலில் வீசினார். கொஞ்ச காலத்தில் மஸல் சிப்பிகள் பாறையை வளைத்துக்கொண்டு மற்ற இனங்களைத் தள்ளிவிட்டன. நட்சத்திரமீன் இருந்தால் ஒரு முடிவு, இல்லாவிட்டால் இன்னொரு முடிவு. உன் சாட்சியே உனக்கு எதிராகச் சொல்கிறது.

என் வருத்தம் அதுகூட இல்லை. காடு முழுக்க அசல் வினையூக்கிகள், அதாவது உயிர்கள் உருவாக்கும் நொதிகள், இருக்கும்போது உவமைக்கு ஓநாயைப் பிடிப்பானேன்? அடுத்த முறை மாணவர்களை அழைத்துப் போகும்போது ஓநாய்க் கதையை நிறுத்திவிட்டு, விழுந்து கிடக்கும் இரண்டு மரங்களின் பக்கத்தில் குனியச் சொல். ஒன்று பழுப்பாக, சிறு சிறு கட்டங்களாக வெடித்திருக்கும், விரலால் அழுத்தினால் தூளாகும். மற்றொன்று வெளிறி, ஈரப் பஞ்சுபோல் நார் நாராகப் பிரியும். முதலாவதில் இருக்கும் பூஞ்சை மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸைத் தின்றுவிட்டு, அதற்கு விறைப்பு தரும் லிக்னினை ஏறத்தாழ அப்படியே விட்டிருக்கிறது. இரண்டாவதிடம் லிக்னினையே உடைக்கும் பெராக்சிடேஸ் நொதிகள் இருக்கின்றன. எந்தப் பூஞ்சையிடம் எந்த நொதி என்பதைக் கட்டையின் நிறமே சொல்லிவிடுகிறது, நுண்ணோக்கி வேண்டாம். அந்த நொதிகளைப் பூஞ்சை தன் உடலுக்கு வெளியே விட்டு, வெளியிலேயே செரித்து, பிறகு உறிஞ்சுகிறது. காட்டின் தரையே ஒரு செரிமானப் பாதை.

இந்த இடத்தில் உன் பக்கமும் பாதி நியாயம் இருக்கிறது, தருகிறேன், வாங்கிக்கொள். சமநிலையை மாற்றாது என்று அழுத்திச் சொன்னேன் அல்லவா? உயிர்க்கோளத்தில் சமநிலைக்கு யார் போய்ச் சேர்ந்தார்கள்? இந்தக் காற்றில் ஒரு மரம் நிற்பதே வெப்ப இயக்கவியலுக்கு அடுக்காது. அது கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் என்றோ ஆகியிருக்க வேண்டும். ஆகாமல் நிற்பதற்குக் காரணம், அந்த வினை தானாக நடக்க முடியாத அளவு மந்தமாக இருப்பதுதான். எவ்வளவு மந்தம் என்றால், உயிர்வேதியியலாளர் ரிச்சர்ட் வுல்ஃபென்டன் அளந்த ஒரு வினையைக் கேள். நியூக்ளிக் அமிலங்களுக்கான மூலப்பொருளை உருவாக்கும் பாதையில் வரும் வினை அது. நொதி இல்லாவிட்டால் அதன் அரை ஆயுள், அதாவது பாதிப் பொருள் மாற ஆகும் காலம், 7.8 கோடி ஆண்டுகள். நொதி இருந்தால் நொடிக்குப் பல முறை நடக்கிறது. ஆக, முடிவு எங்கே என்பது உயிருலகில் ஏட்டுக் கேள்வி. எது எந்த வேகத்தில் நடக்கிறது என்பதை வைத்துத்தான் மண்ணில் என்ன மிஞ்சும், ஆற்றில் என்ன ஓடும், காற்றில் என்ன சேரும் என்பதெல்லாம் முடிவாகிறது. ஓநாய் உட்பட.

என் பிழைப்பு இரும்பு வினையூக்கியோடு கழிந்தது உனக்குத் தெரியும். அம்மோனியா ஆலையில் 400 டிகிரிக்கு மேல் சூடாக்கி, நூறு வளிமண்டலத்தையும் தாண்டிய அழுத்தம் கொடுத்து நைட்ரஜனின் முப்பிணைப்பை உடைப்போம். அவரைக் குடும்பத்துச் செடியின் வேர்முடிச்சில் ஒரு பாக்டீரியா அதையே மண்ணின் சூட்டில், சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. அதன் நைட்ரஜனேஸ் நொதியின் மையத்திலும் இரும்புதான், கூடவே மாலிப்டினம். சும்மா செய்வதில்லை, ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்குக் குறைந்தது 16 ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்) செலவு. ஆக்சிஜன் பட்டால் நொதி பாழ். அதனால் முடிச்சுக்குள் ஆக்சிஜனைப் பிடித்து அளந்து கொடுக்க, நம் இரத்தத்தில் இருப்பதைப் போன்ற ஒரு புரதம் இருக்கிறது. முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியுமே, அதுதான்.

ஆலைகளில் நாங்கள் வேகப்படுத்தியது நைட்ரஜன் சுழற்சியின் ஒரு படியை மட்டும். 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவ் ஆலையில் தொடங்கிய வேலை. மறுமுனையில் நைட்ரேட்டைத் திரும்ப நைட்ரஜனாக்கும் நொதிகளை யாரும் வேகப்படுத்தவில்லை. அந்தக் கடைசிப் படியில் நைட்ரஸ் ஆக்சைடை உடைக்கும் நொதிக்குத் தாமிரம் வேண்டும், அமில மண்ணில் அது சரியாக உருவாவதே இல்லை. உடைபடாமல் விட்ட நைட்ரஸ் ஆக்சைடு காற்றுக்குப் போகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப்போல் சுமார் 270 மடங்கு சூடேற்றும். சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் விரைவாக்கினால் சரக்கு அடுத்த கண்ணியில் தேங்கும் என்பது ஆலையில் புதிதாகச் சேர்ந்த பையனுக்குக்கூடத் தெரியும். அதே ஆலையை நடத்திய எங்களுக்கு வெளியே பார்க்கத் தோன்றவில்லை.

இப்போது என்னைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன். உன் கட்டுரையில் இது ஒரு வரியாகக்கூட இல்லை என்பதுதான் என் கோபத்தின் அசல் காரணம். பீட் சதுப்பு, வசந்தா! பாதி மக்கிய தாவரங்கள் நீருக்குள் அடுக்கடுக்காகச் சேர்ந்த நிலம்!

1950இல் டென்மார்க்கின் ஜட்லாந்துப் பகுதியில் பீட் வெட்டியவர்கள் ஒரு பிணத்தைக் கண்டு, யாரையோ இப்போதுதான் கொன்றிருக்கிறார்கள் என்று போலீசுக்குச் சொன்னார்கள். முகத்தில் முள்முள்ளாகத் தாடி, நெற்றியில் சுருக்கம், தலையில் தோல் குல்லாய், கழுத்தில் கயிறு. இறந்து 2,300 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. குளிர், அமிலம், ஸ்பாக்னம் பாசியிலிருந்து கசிவது என்று காரணம் பல உண்டு. எல்லாம் சேர்ந்து சொல்வது ஒன்றுதான்: அங்கே நொதிகள் வேலை செய்யவில்லை.

ஏன் செய்யவில்லை? தண்ணீர் தேங்கினால் ஆக்சிஜன் இல்லை, ஆக்சிஜன் இல்லாவிட்டால் அழுகல் இல்லை என்று நாம் படித்தோம். ஆனால் தாவரப் பொருளை வெட்டும் ஹைட்ரோலேஸ் வகை நொதிகளுக்கு ஆக்சிஜனே தேவையில்லை! அவை ஏன் சும்மா இருந்தன? கிறிஸ் ஃப்ரீமனும் கூட்டாளிகளும் 2001இல் கொடுத்த விடையைப் படித்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். ஆக்சிஜன் தேவைப்படுவது ஃபீனால் ஆக்சிடேஸ் என்ற ஒரே நொதி வகைக்கு. அது முடங்கினால், தாவரங்களிலிருந்து வரும் ஃபீனால் சேர்மங்கள் சிதையாமல் சேர்ந்துகொண்டே போகும். அந்த ஃபீனால்கள் ஹைட்ரோலேஸ்களை முடக்கும். ஒரு நொதி நின்றால் அத்தனையும் நின்றன. இதற்கு நொதித் தாழ்ப்பாள் என்று பெயரிட்டார்கள்.

இந்தத் தாழ்ப்பாளுக்குப் பின்னால் இருப்பதைக் கணக்குப் பார். உலக நிலப்பரப்பில் பீட் நிலம் சுமார் 3 சதவீதம்தான், ஆனால் உலகக் காடுகளின் மரங்களில் உள்ளதைவிட அதிகக் கார்பன் அதில் கிடக்கிறது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற அளவில் சேர்ந்த சேமிப்பு. அதைத் திறக்க ஒரு வாய்க்கால் போதும். தண்ணீர் வடியும், ஆக்சிஜன் உள்ளே இறங்கும், ஃபீனால்கள் சிதையும், ஹைட்ரோலேஸ்கள் விழித்துக்கொள்ளும். மறுபடி தண்ணீர் தேங்கினாலும் உடனே பூட்டிக்கொள்ளாது. இருக்கும் ஃபீனால் குறைந்துவிட்டதல்லவா?

இந்தோனேசியாவின் மத்திய கலிமந்தானில் 1990களின் நடுவில் சுமார் 10 லட்சம் ஹெக்டேர் பீட் காட்டை நெல்வயலாக்கப் புறப்பட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டினார்கள். நெல் விளையவில்லை. 1997இல் எல் நினோ வறட்சி வந்து, உலர்ந்த பீட் பற்றிக்கொண்டது. அந்த ஆண்டு இந்தோனேசிய நெருப்பில் போன கார்பன், உலகம் ஓராண்டில் எரிக்கும் புதைபடிவ எரிபொருளில் 13 முதல் 40 சதவீதத்துக்குச் சமம் என்று 2002இல் கணக்கிட்டார்கள். நெருப்பை எல்லோரும் பார்த்தார்கள், புகை வந்தது, செய்தியானது. நொதிகள் எரிப்பதற்குப் புகை கிடையாது. இங்கிலாந்தின் ஹோம் ஃபென்னில் பீட்டை வடிக்கப் புறப்பட்டபோது ஓர் இரும்புக் கம்பத்தைத் தரைமட்டமாக இறக்கினார்கள், 1851 வாக்கில். இன்று அது ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. கம்பம் எழவில்லை, நிலம் அமிழ்ந்தது. கொஞ்சம் அமுங்கியது, மீதி காற்றில் போய்விட்டது.

எல்லாச் சதுப்பும் இப்படியே நடக்கும் என்று எழுதிவிடாதே. சில இடங்களில் உலர்ந்ததும் இரும்பு ஆக்சிஜனேற்றமடைந்து ஃபீனால்களைத் தன்னோடு பிணைத்துக் காக்கிறது. அங்கே தாழ்ப்பாள் பாதிதான் திறக்கிறது. பிடிவாதம் நம் இருவருக்கும் பிறவிக்குணம், இதில் வேண்டாம்.

வாழ்நாள் முழுக்க வினைகளை வேகப்படுத்தச் சம்பளம் வாங்கியவள் நான். மெதுவாக நடப்பது எல்லாம் எங்களுக்குக் குறைபாடு, பரிசோதனை அறிக்கையில் சிவப்பு மையில் வட்டமிடுவோம். உலகத்தில் சேமிப்பு என்று இருப்பதெல்லாம், மண்ணும் பீட்டும் நிலக்கரியும், நடக்க வேண்டிய ஒரு வினை நடக்காமல் நின்றதால் கிடைத்தது என்பது இந்த வயதில்தான் உறைக்கிறது. யாரிடம் சொல்வது? இவரிடம் சொன்னால் "மாத்திரை போட்டாயா?" என்கிறார்.

உன்னிடம் கேட்க ஒன்று உண்டு. கால்வாய்களை அடைத்து மறுபடி நீர் நிறுத்தும் இடங்களில், முதல் சில ஆண்டுகள் மீத்தேன் எழும்புகிறது. மீத்தேனை உருவாக்கும் நொதியின் மையத்தில் நிக்கல், ஆக்சிஜன் அறவே ஆகாது. நீர்மட்டத்தைத் தரைக்குச் சற்றுக் கீழே நிறுத்தினால் மேல் அடுக்கில் ஆக்சிஜன் இருக்கும், மீத்தேன் தின்னும் பாக்டீரியா அங்கே பிழைத்துக்கொள்ளும். எப்படிப் பார்த்தாலும் நனைப்பதே மேல் என்பது என் கட்சி. ஆனால் வெயிலும் மழையும் மாறி மாறி வரும் களத்தில் அந்த நீர்மட்டத்தை நிறுத்திப்பிடிக்க முடியுமா? நீ சேற்றில் நின்றவள், நீ சொல்.

கட்டுரையைத் திருப்பி அனுப்புகிறேன். ஓரங்களில் என் கிறுக்கல் இருக்கும், கோபித்துக்கொள்ளாமல் படி. முதல் மூன்று பக்கங்களை வெட்டு. நட்சத்திரமீனை வைத்துக்கொள், ஓநாய்க்கு வேறு பட்டம் பார். பீட்டுக்கு இரண்டு பக்கமாவது ஒதுக்கு. பத்திரிகைக்காரர் படம் கேட்டால் அந்தக் கம்பத்தின் படத்தைப் போடச் சொல்.

அன்புடன்,
சுசீலா

பி.கு.: லலிதாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டாதே. ஓநாய்த் தலைப்பு அவள் யோசனைதான் என்று எனக்குச் சந்தேகம்.