எந்த விரல் மரத்திருக்கிறது என்று கேளுங்கள்

பெங்களூரு மருத்துவமனைகளில் பிசியோதெரபிப் பிரிவுகளுக்குப் பொறுப்பு வகிக்கும் பெரியோர்களுக்கு,

வணக்கம். அல்சூரில் 26 ஆண்டுகளாகத் தையற்கடை நடத்தி வருகிறேன். சென்ற ஆண்டு என் வலது தோளிலிருந்து நடுவிரல் வரை சுரீரென்று ஒரு வலி இறங்கியது. சில நாள்களில் அந்த விரல் மரத்துப்போனதோடு, தைத்த சட்டையின் மீது இஸ்திரிப் பெட்டியை அழுத்தக்கூடக் கையில் வலுவில்லாமல் போயிற்று.

முதலில் சென்ற மருத்துவமனையின் பெயர் இங்கு வேண்டாம். அங்கே பத்து நாள்கள் கழுத்துக்குச் சூடு வைத்து, கழுத்தை இழுத்துப் பிடிக்கும் டிராக்ஷன் கருவியில் எடையை மாட்டிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவார்கள். ஒருவரும் என் கழுத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை.

பிறகு சென்ற இடத்தில் கேட்ட முதல் கேள்வியே எந்த விரல் என்பதுதான். கழுத்தெலும்புகள் 7 என்றாலும் அங்கிருந்து கிளம்பும் நரம்பு வேர்கள் 8 ஜோடி. ஆறாவது நசுங்கினால் கட்டைவிரலும், ஏழாவது நசுங்கினால் நடுவிரலும், எட்டாவது என்றால் சுண்டுவிரலும் பெரும்பாலும் மரக்கும். முழங்கையை நீட்டி அழுத்தும் தசைக்கும் முக்கியமாக ஏழாவது வேர்தான் பொறுப்பாம். இஸ்திரிப் பெட்டியின் மர்மம் அப்போதுதான் விளங்கியது.

அந்த பிசியோதெரபிஸ்ட் என் தலையை வலிக்கும் பக்கம் சாய்த்து மெல்ல அழுத்தினார். வலி விரலுக்கு ஓடியது. இரு கைகளாலும் தலையை ஏந்தி இழுத்தபோது தணிந்தது. கையை விரித்து நரம்பை நீட்டிப் பார்த்தார். கழுத்து 60 பாகையாவது திரும்புகிறதா என்று அளந்தார். தண்டுவடம் அழுந்தியிருந்தால் கழுத்தில் கை வைக்காமல் அறுவை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதால், நடையில் தடுமாற்றம் இருக்கிறதா என்று பார்க்க என்னை நடக்கவும் வைத்தார். அதன்பின்னரே கழுத்தெலும்புகளை வலியில்லாத பக்கமாகச் சிறிது சிறிதாக நகர்த்தும் சிகிச்சையைத் தொடங்கி, வீட்டுப் பயிற்சிகளையும் கற்றுக்கொடுத்தார்.

இவ்வகை வலி பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகவே அடங்குவதுண்டு. ஆகவே கைச்சிகிச்சை ஒன்றே என்னைக் குணப்படுத்தியது என்று நான் வாதிடவில்லை. டிராக்ஷனும் வீண் என்று சொல்லவில்லை. எந்த வேர் நசுங்கியிருக்கிறது என்று பாராமலே எடை மாட்டுவதைத்தான் குறையாகச் சொல்கிறேன். உங்களிடம் நிவாரணம் காணாதவர்கள் சலூனுக்குப் போய்க் கழுத்தில் சொடுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். மூளைக்குச் செல்லும் தமனிகள் கழுத்தெலும்புகளின் ஊடாகவும் போகின்றன என்பதும், அரிதாகவேனும் அவை கிழிந்து பக்கவாதம் வரலாம் என்பதும் கத்தரி பிடிப்பவருக்கு எப்படித் தெரியும்?

முதல் நாள் மட்டுமாவது ஒவ்வொரு நோயாளிக்கும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மரத்த விரல், வலு குறைந்த தசை, கழுத்து திரும்பும் அளவு ஆகியவற்றைச் சீட்டில் எழுதி, சில நாள்களுக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். என் பழைய சீட்டில் பத்து நாள்களுக்கும் சேர்த்து எழுதியிருந்தது ‘கழுத்து வலி’ என்ற இரண்டே சொற்கள்.

இப்படிக்கு,
அல்சூர் தையற்காரர் ஒருவர்