திருமணத்துக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல

ஆசிரியருக்கு,

அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13-ஆம் அதிகாரம் வாசிக்காத கிறிஸ்தவத் திருமணம் நம் ஊர்களில் அபூர்வம். ஆனால் அப்போஸ்தலர் பவுல் அதை மணமக்களுக்கு எழுதவில்லை. கட்சி கட்டி, சகோதரன்மேல் சகோதரன் வழக்குப் போட்டு, திருவிருந்தாகிய கர்த்தருடைய பந்தியிலேயே ஒருவன் பசித்திருக்க மற்றவன் குடித்து வெறித்திருந்த (11:21) கொரிந்து சபைக்கு எழுதினார். அங்கே அவர் சொன்ன பரிகாரம் மிக எளிது: சாப்பிடக் கூடும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் (11:33).

'பிறனிலும் அன்புகூருவாயாக' என்ற கட்டளையை இயேசு லேவியராகமம் 19:18-இலிருந்து எடுத்தார். அந்த அதிகாரத்தை முழுதாக வாசிக்க வேண்டும். வயலின் ஓரத்தை ஏழைக்கும் பரதேசிக்கும் அறுக்காமல் விடு, கூலிக்காரனின் கூலியை விடியுமட்டும் உன்னிடம் வைத்திருக்காதே, தராசிலும் படியிலும் ஏமாற்றாதே. அன்பு என்பது அங்கே கணக்குவழக்கு. கோயில் கட்டக் காணிக்கை கொடுத்துவிட்டு கொத்தனாருக்குச் சம்பளம் பாக்கி வைப்பவர்களை இந்த வசனம் விடாது.

சண்டை வந்தாலும் ஒழுங்கு உண்டு. மத்தேயு 18:15-17-இன்படி முதலில் தனியே பேச வேண்டும். கேட்காவிட்டால் ஓரிருவரோடு போக வேண்டும், கடைசியில்தான் சபை. நடைமுறையில் முதல் படியையே தாண்டி நேராக வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறோம்! பொதுவில் அவமானப்பட்டவர் தப்பை ஒப்புக்கொள்வதில்லை, தற்காப்பில் இறங்குகிறார். பிறகு இரண்டு அணி, சிலவேளை நீதிமன்றம்.

திருவிருந்துக்கு முந்தைய ஞாயிறே, காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு ஒப்புரவாகு என்னும் மத்தேயு 5:23-24-ஐ வாசித்து, ஒப்புரவாக ஒரு வாரம் அவகாசம் கொடுக்கலாம். போதகர்கள் யோசிக்கட்டும்.

- வாசகர், பாளையங்கோட்டை