தாழ்சர்க்கரை எச்சரிக்கை ஒலிக்காதது குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்

பொருள்: செயலியைப் புதுப்பித்தபின் இரவு எச்சரிக்கை ஒலிக்காமை, வாராந்திர அறிக்கையில் பிழை – விளக்கமும் திருத்தமும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் தாயார் 22 ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுடன் வாழ்பவர். நாளுக்கு நான்கு முறை இன்சுலின் போட்டுக்கொள்பவர். நோய் நாள்பட்டதால், சர்க்கரை இறங்கும்போது வரவேண்டிய நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் அவருக்கு இப்போது வருவதில்லை. உடல் உணர்த்தாததைக் கருவியாவது உணர்த்தட்டும் என்றுதான் தோலில் ஒட்டும் சென்சாரையும், அதன் அளவுகளைக் கைபேசியில் காட்டும் உங்கள் செயலியையும் ஓராண்டாகப் பயன்படுத்துகிறோம். டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அவருடைய கைபேசியும் என்னுடையதும் ஒலிக்கும்படி அமைத்திருந்தோம். பல இரவுகளில் அது எங்களைச் சரியான நேரத்தில் எழுப்பியிருக்கிறது. அதனால்தான் அதை நம்பித் தூங்கினோம்.

சென்ற வாரம் செயலி தானாகப் புதுப்பிக்கப்பட்ட அன்றிரவு, 3.20 மணிக்குத் தற்செயலாக விழித்த நான் கைபேசியைப் பார்த்தபோது அளவு 118 என்று இருந்தது. ஆயினும் அம்மாவை எழுப்பிப் பார்த்தேன். அவருடைய பேச்சு குழறியது. விரலில் குத்தி குளுக்கோமீட்டரில் பார்த்தபோது 48. விழுங்கும் நிலையில் அவர் இருந்ததால் 15 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதித்து, மீண்டும் ஒருமுறை கொடுத்த பிறகே அளவு 70-ஐத் தாண்டியது. திரையில் நான் கண்ட 118 என்பது 12.50-க்கு வந்த கடைசி அளவு என்பது பின்னர்தான் தெரிந்தது. இரண்டரை மணி நேரப் பழைய எண்ணை, இப்போது அளந்ததைப் போலவே அதே பெரிய எழுத்தில் செயலி காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

கைபேசியின் மின்கலச் சேமிப்பு அமைப்பு செயலியைப் பின்னணியில் நிறுத்திவிட்டது, ஆகவே இது எங்கள் பிழையன்று என்று உங்கள் உதவிப் பிரிவு பதில் எழுதியது. அப்படி நிறுத்தாமலிருக்க, மின்கலச் சேமிப்பிலிருந்து செயலிக்கு விலக்கை முதல் நாளிலேயே நாங்கள் கொடுத்திருந்தோம். புதுப்பித்தபின் அது நீங்கியிருந்தது. அறிவிப்புக்கான அனுமதி இருக்கிறதா, பின்னணியில் இயங்க விலக்கு இருக்கிறதா என்பதைச் செயலி தானே சோதித்து, இல்லையென்றால் திறந்தவுடன் சொல்ல முடியும். அதைவிட முக்கியமாக, ஐந்து நிமிடத்துக்கொருமுறை வரவேண்டிய அளவு நின்றுபோனது உங்கள் சர்வருக்குத் தெரிந்திருக்கும். 'தரவு வரவில்லை' என்ற ஒரே ஓர் எச்சரிக்கை என் கைபேசிக்கு வந்திருந்தால் போதும்.

இதோடு முடியவில்லை. அந்த வார அறிக்கையில், விடுபட்ட இரண்டரை மணி நேரத்தின் இரு முனைகளையும் செயலி கோடு போட்டு இணைத்துவிட்டு, 'இவ்வாரம் தாழ்சர்க்கரை இல்லை' என்று எழுதியிருக்கிறது. நான் கையால் பதிவு செய்த 48 அதில் கணக்கில் வரவில்லை. இந்த அறிக்கையை வைத்துத்தான் மருத்துவர் இரவில் போடும் நீண்டநேர இன்சுலினின் அளவைத் தீர்மானிக்கிறார். நடந்ததை நான் நேரில் சொல்லியிராவிட்டால், குறைக்க வேண்டிய அளவு அப்படியே தொடர்ந்திருக்கும். ஒலிக்காத எச்சரிக்கையைவிட இது எனக்கு அதிக அச்சம் தருகிறது. ஏனெனில் இதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு பலருக்கு இருக்காது.

எனவே அன்றிரவின் மூலத்தரவு முழுவதையும் எங்களுக்கு அனுப்பிவைக்குமாறும், என்ன நடந்தது என்பதை எழுத்துமூலம் விளக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். பழைய அளவு திரையில் நிற்கும்போது அதன் நேரமும், அது பழையது என்ற குறிப்பும் தெரிய வேண்டும். தரவில்லாத நேரம் அறிக்கையில் வெற்றிடமாகவே இருக்க வேண்டும். இவை சரியாகும்வரை காத்திராமல், இந்தப் புதுப்பிப்பைப் பெற்ற அனைவருக்கும் தங்கள் அமைப்புகளைச் சரிபார்க்கும்படி இன்றே அறிவியுங்கள். என் தாயாரைப் போல அறிகுறி தெரியாதவர்களும், தனியே உறங்குபவர்களும் அவர்களுள் இருப்பார்கள்.

ஏழு நாட்களுக்குள் பதில் வராவிட்டால், மருத்துவக் கருவிகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பிடம் இதே விவரங்களுடன் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: அன்றிரவின் திரைப்பதிவுகள், குளுக்கோமீட்டர் பதிவு, வாராந்திர அறிக்கை.