செல்வாவின் ரப்பர் ஏணி

அன்புள்ள செல்வா,

உன் கடிதமும் படங்களும் வந்தன. "ரயில் கவர் நீளமாக இருக்கிறது, எப்படிடா வெட்டுவது?" என்று நீ கேட்டிருந்ததைச் சத்தமாகப் படித்துத் தொலைத்தேன். "எம்ஆர்டி ரயிலுக்கு எதற்கு உறை?" என்கிறாள் இவள். துப்பாக்கியில் முன்கை பிடிக்கிற இடத்தில் பல் பல்லாக ஓடும் அலுமினியப் பட்டை, கை கீறாமல், சூடு படாமல் இருக்க அதன்மேல் மாட்டும் ரப்பர் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் தோசை கருகிவிட்டது.

டெக்சஸில் உனக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. இங்கே சிங்கப்பூரில் பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கி வைத்திருந்தாலே போலீஸ் வீட்டுக்கு வரும். அதனால் துப்பாக்கியை விடு, ரப்பரைப் பேசுகிறேன். 22 வருஷமாகப் பட்டறையில் கேஸ்கெட், அதாவது இயந்திர இணைப்புகளில் கசியாமல் இருக்க வைக்கும் ரப்பர், வெட்டுகிறவன் சொல்கிறேன், கேள்.

நீ வாங்கியது ஏணி வகை. ஏணியின் படிகள் பட்டையின் பள்ளங்களில் உட்காரும், மேடுகள் நடுவில் எட்டிப் பார்க்கும். ஆகவே பள்ளத்தை எண்ணு, மேட்டை எண்ணாதே. அதையும் பட்டையில் டார்ச்சை மாட்டி வைத்தபடியே எண்ணு, அதன் கிளாம்ப் பக்கத்துப் பள்ளத்தையும் மறைத்துக்கொள்ளும். உன் கணக்கில் காலி 11, ஏணியில் 18 படி. சரி, 11ஆம் படிக்கும் 12ஆம் படிக்கும் நடுவே இரண்டு பக்கக் கால்களை மட்டும் வெட்டு. படியில் கத்தி படக் கூடாது. கடைசிப் படி போனால் நுனி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். மீதி 7 படித் துண்டு இன்னொரு பக்கத்துக்கு ஆகும்.

புது பிளேடு, நுனியில் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர். காய்ந்த கத்தி ரப்பரைப் பிடித்து இழுக்கும், வெட்டுக் கோணலாகும். வெட்டியதும் படிக்கு வெளியே மீசை மாதிரி இரண்டு துணுக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு நகவெட்டிதான் சரி. சிரிக்காதே, பட்டறையிலும் நான் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

இழுத்துப் பிடித்து மட்டும் வெட்டிவிடாதே. போன தீபாவளிக்கு அக்கா வீட்டு ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரை நான் அப்படித்தான் இழுத்து வைத்து அளந்து வெட்டினேன். கையை விட்டதும் அது ஒரு விரல் அகலம் சுருங்கி, மூலையில் சந்து விழுந்தது. அக்கா இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

சந்தேகமென்றால் ஸ்கேலை வைத்துப் பார். நியூ ஜெர்சியில் உள்ள பிக்காட்டினி ஆயுதசாலையின் பெயரில் 1995இல் வந்த பட்டை அளவு அது. பள்ளம் 5.23 மி.மீ. அகலம், ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு 10.01. உன் 11 பள்ளமும் சேர்ந்து 105 மி.மீ. சொச்சம் வரும். வராவிட்டால் அது பழைய வீவர் பட்டையாக இருக்கலாம். அதில் பள்ளம் ஒடுக்கம், படி இறங்காது.

பாசிர் லாபா ராணுவ முகாமில் நமக்கு இந்தத் தலைவலியே இல்லை. எம்16 துப்பாக்கியின் முக்கோணக் கைப்பிடிதான், உள்ளே தகடு வைத்தும் சூடு ஏறும். என் பெரியவன் அடுத்த மாதம் ராணுவப் பயிற்சிக்குத் தெக்கோங் தீவுக்குப் போகிறான். அவன் கைக்கு வருவது எஸ்ஏஆர் 21 துப்பாக்கி, ஒன்றரை மடங்கு காட்டும் ஸ்கோப் கூடவே பொருத்தி வருகிறது. நாம் ஒற்றைக் கண்ணைச் சுருக்கிச் சுட்டதைச் சொன்னால் கேட்டுக்கொள்கிறான், நம்புகிறானா தெரியவில்லை.

அப்புறம், கத்தியை எடுக்கும் முன் மேகசினைக் கழற்று. தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார், விரலை விட்டும் பார். நம் சார்ஜண்ட் கத்தியது உனக்கும் மறந்திருக்காது.

வெட்டியதும் படம் அனுப்பு. வெட்டுமுன் அனுப்பினால் இன்னும் நல்லது.

குமார்