சனிக்கிழமை வகுப்பு: பெற்றோர் கவனத்திற்கு

அன்பான பெற்றோருக்கு வணக்கம். வருகிற சனிக்கிழமை மாலை 4 மணிக்கு செவ்வியல் கிறிஸ்தவக் கல்வி வகுப்புக்காக வழமைபோல வெள்ளவத்தையில் கூடுகிறோம். இம்முறை பிள்ளைகளோடு நீங்களும் இருங்கள்.

செவ்வியல் கிறிஸ்தவக் கல்வி என்றால் லத்தீன் படிப்பதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். லத்தீன் அதில் ஒரு பகுதி மட்டுமே. இலக்கணம், தருக்கம், சொல்லாட்சி என்ற மூன்றே அடிப்படை. 1947இல் ஒக்ஸ்ஃபோர்டில் ஆங்கில எழுத்தாளர் டொரத்தி சேயர்ஸ் ஆற்றிய உரை இவற்றைப் பிள்ளையின் வயதோடு பொருத்தியது: முதலில் மனனம், பிறகு வாதிடுதல், அதன்பின் தன் கருத்தைச் செம்மையாகச் சொல்லுதல். எதிர்க்கேள்வி கேட்கும் பிள்ளையை வாயாடி என்று தயவுசெய்து அடக்காதீர்கள். தருக்கம் கற்பிக்க ஏற்ற வயது அதுதான். புலமைப்பரிசில் வினாத்தாள்களுக்கு நடுவே நம் வீடுகளில் தவறிப்போவதும் இந்தத் தருக்கப் பயிற்சியே.

சென்ற வகுப்பில் 23ஆம் சங்கீதத்தைத் தடையின்றி ஒப்புவித்த சிறுமி ஒருத்தி, "சங்கீதக்காரர் கர்த்தரை முதலில் 'அவர்' என்கிறார், நடுவில் ஏன் 'தேவரீர்' என்று மாற்றுகிறார்?" என்று கேட்டாள். அன்றைய வகுப்பே அந்தக் கேள்வியில் நின்றது!

நம் நாட்டுக்கும் இத்தகைய கல்வி அந்நியமல்ல. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி என்ற உயர்கல்விக்கூடத்தில் வேதபாடத்தோடு தமிழும் கணிதமும் வானியலும் கற்பித்தார்கள்.

வேதாகமமும் ஒரு கொப்பியும் கொண்டுவாருங்கள். பத்து வயதுக்கு மேற்பட்டோர் லூக்கா 15ஐ வாசித்து, மூத்த குமாரனின் கோபம் நியாயமா என்பதற்கு ஆம் என்றும் இல்லை என்றும் வாதங்கள் எழுதி வரட்டும். வர இயலாதோர் வெள்ளி இரவுக்குள் இங்கே தெரிவியுங்கள்.