கறிவேப்பிலைக்கு உரம் போடாதே

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தொட்டியைச் சுற்றிப் பாதி இலை உதிர்ந்து கிடக்கிறது. உரம் போடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். அதற்குக் குறை மண்ணில் இல்லை, வெயிலில். டொரோண்டோவில் டிசம்பர் பகலே ஒன்பது மணி நேரம்தான், அதுவும் சாய்ந்த வெயில். வருமானம் இல்லாத மாதத்தில் செடி செலவைக் குறைக்கிறது, அவ்வளவுதான்.

மண்ணைத் தின்றுதான் செடி வளர்கிறது என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். வான் ஹெல்மான்ட் என்ற விஞ்ஞானி நானூறு வருடத்துக்கு முன்பே வில்லோ என்ற மரத்தின் கன்று ஒன்றைத் தொட்டியில் வைத்து, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 164 பவுண்டு ஏறியது. மண்ணில் குறைந்தது 2 அவுன்ஸ். தண்ணீர்தான் மரமாகிவிட்டது என்று முடிவுகட்டினார். வாயுவுக்கு 'கேஸ்' என்ற சொல்லை உண்டாக்கியவரே அவர்தான், ஆனாலும் காற்றைக் கணக்கில் விட்டுவிட்டார் பார்!

இலை அந்தக் காற்றிலிருந்துதான் கரியமில வாயுவை எடுக்கிறது. வேர் தண்ணீரை அனுப்புகிறது. பச்சையம் வெயிலைப் பிடித்துக் கொடுக்க, இரண்டும் சேர்ந்து சர்க்கரையாகிறது. மிச்சப்பட்டு வெளியே போவது நாம் இழுக்கும் ஆக்சிஜன்.

பள்ளியில் ஒரு இலையின் நடுவில் கருப்புக் காகிதத்தைக் கட்டி வெயிலில் விட்டோம். மறுநாள் அதை ஆல்கஹாலில் வேகவைத்ததும் வெளுத்துப் போனது. அயோடின் சொட்டு விட்டதும் இலை முழுக்கக் கருநீலம். காகிதம் மறைத்த பட்டை மட்டும் பழுப்பு மஞ்சளாகவே நின்றது. வெயில் படாத இடத்தில் மாவுச்சத்து இல்லை. ஐம்பது வருடம் ஆகியும் அந்தப் பட்டை கண்ணிலேயே நிற்கிறது.

அப்புறம், சின்னவள் போனில் சண்டை போட்டாளே, இலை சர்க்கரை செய்யும் இந்த வேலைக்கு நான் சொன்னது ஒளிச்சேர்க்கை, அவளுடைய யாழ்ப்பாணத்து டீச்சர் சொல்வது ஒளித்தொகுப்பு, எது சரி என்று. இரண்டும் சரிதான் என்று சொல். இங்கே தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் ஒளிச்சேர்க்கை, இலங்கையில் ஒளித்தொகுப்பு. ஆனால் என்னைக் கேட்டால் டீச்சர் பக்கம்தான் சாய்வேன். சேர்க்கை என்றதும் சின்ன வயதில் நான், வெளிச்சத்தையே இலைக்குள் சேர்த்து வைக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வெளிச்சம் அங்கே சரக்கு இல்லை, அடுப்பு.

சரி, செடியைத் தெற்குப் பக்க ஜன்னலுக்கு நகர்த்து. செடிகளுக்கென்றே விற்கும் விளக்கு கிடைத்தால் மேலே தொங்கவிடு. மேல் மண் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர் ஊற்று. ரசத்துக்கு நிழலில் உலர்த்திய இலை கொஞ்சம் பார்சலில் வருகிறது.

அம்மா